முன்னால் வந்த எதிரொலி

1

போன வாரம் பகவதி சித்தி திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து கூப்பிட்டாள். “பூஜ எடுத்தாச்சு சேஷு. இந்த வருஷம் போனைப் பூஜைக்கு வெக்கலை, சந்தனமும் தொடலை. நீ பேடிக்க வேண்டாம்” என்றாள்.

மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பேடி என்றால் பயம். திருவனந்தபுரத்துத் தமிழில் நாங்கள் பயப்படுவதுகூட மலையாளத்தில்தான். சித்தி ஆறுதலுக்குத்தான் சொன்னாள். போன வருஷம் நவராத்திரிக்குப் பிறகு நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது. இனி தள்ளிப்போட்டால் நானே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

நான் இருப்பது பின்லாந்தின் வடக்கே ஓலு என்ற ஊரில். கடல் உண்டு. ஆனால் பாதி வருஷம் அதன் மேல் நடந்தே போகலாம். சங்குமுகம் கடற்கரையில் கால் நனைத்து வளர்ந்தவனுக்கு அது இன்னும் ஏதோ மோசடி மாதிரித்தான் படுகிறது. என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களிடம் “மைக்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும்.

உண்மையில் நான் பார்ப்பது கைபேசிக்குள் இருக்கும் மைக்குகளை. அதில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. வாய்க்குப் பக்கத்தில் கீழே ஒன்று, காதுக்கு மேலே ஒன்று. கீழே இருப்பது உங்கள் பேச்சைக் கேட்கிறது. மேலே இருப்பது உங்களைச் சுற்றியுள்ள சந்தடியைக் கேட்கிறது. இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்துவிட்டால் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பேசினாலும் எதிர்முனைக்கு உங்கள் குரல் மட்டும் போகும். கண்டக்டரும் லாட்டரிச் சீட்டு விற்பவரும் உங்கள் தோளை உரசி நிற்பவரும் கழிந்து போய்விடுவார்கள்.

இந்தக் கழித்தல் சரியாக வர, ஒவ்வொரு மைக்கும் தன்னுடைய துளை வழியாக மட்டும்தான் கேட்க வேண்டும். போனின் வயிற்றுக்குள் ஒலி கசிந்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால், யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழிப்பது என்று அதற்குத் தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு மைக்கையும் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று வைப்போம். அந்த வளையத்தை நம்பித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு துளையைக் களிமண் போன்ற பசையால் அடைத்துவிட்டு ஒலி கொடுப்போம். அடைத்த மைக் செவிடாக வேண்டும். ஆகவில்லையென்றால் உள்ளே எங்கோ வழி இருக்கிறது. இதை எதிரொலியே இல்லாத ஓர் அறையில் செய்வோம். சுவர், கூரை, தரை எல்லாம் பஞ்சுக் கூம்புகள். கதவைச் சாத்தினால் உங்கள் கழுத்தில் ரத்தம் ஓடுவது உங்களுக்கே கேட்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முகம் வெளுத்து வெளியே வந்துவிடுவார்கள். எனக்கும் அது இன்றுவரை பழகவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். மூன்றாவது வீட்டுக் குழந்தை தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து அம்மா “தீர்க்காயுசு” என்பாள்.

2

அம்மாவுடன் பேசுவது சனிக்கிழமை மத்தியானம். அங்கே அது சாயங்காலம். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், காலையில் ஒருத்தி வந்து வேலை செய்துவிட்டுப் போகிறாள் என்பதுதான் எனக்குத் தெரிந்த விவரம். வீடியோவில் பேசுவது நின்று போயிருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு போன் வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் ஓடும். சாப்பிட்டியா, அங்க குளிரா, அனகா நன்னா படிக்கறாளா, எப்ப வரே.

எப்ப வரே என்பதற்கு என்னிடம் எப்போதும் ஒரு காகிதக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். சொந்த ஊருக்கு வந்து போவதற்கான அட்டைக்கு விண்ணப்பித்தேன். ஒரு சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தோடு இருந்தது, இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு. இருவரும் ஒருவர்தானா என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினால் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று மறுபடி வந்தது. சுற்றுலா விசா எடுத்தால் ஒரே வாரத்தில் போயிருக்கலாம். பெற்ற தாயைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாகப் போவதா என்று வீம்பு பிடித்தேன். அந்த வீம்பில் மூன்று வருஷம் போனது.

என் மகள் அனகாவுக்கு வயது பதின்மூன்று. சண்டை போடுவதும் சிரிப்பதும் பின்னிஷ் மொழியில். தமிழை விருந்தாளி வந்தால் எடுக்கும் தட்டு மாதிரி சனிக்கிழமை மட்டும் வெளியே எடுப்பாள். பாட்டியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் போனைத் தள்ளிவிட்டு நழுவிவிடுவாள். கேட்டால், பாட்டி ஒவ்வொரு வாரமும் அதையேதானே கேட்கிறாள் என்பாள். பெரியவர்கள் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்தேன்.

நவராத்திரியின்போது ஒரு சனிக்கிழமை அம்மா போனை எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அஷ்டமியன்று புத்தகம், வாத்தியம், தொழில் செய்யும் கருவி எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமியன்று எடுக்கும்வரை தொடக் கூடாது. அடுத்த வாரம் பேசியபோது, போனும் சரஸ்வதிதானே, அதையும் வைத்தேன் என்றாள். நான் சிரித்தேன். ஆனால் அவள் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் மங்கியிருந்தது.

3

நவம்பரில் இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, சமையலறை மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். அனகா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். பேசி முடித்ததும் கேட்டாள்.

“அப்பா, பாட்டிகூட இன்னொரு பாட்டி இருக்காளா?”

“எக்கோ அது. லைன் சரியில்லை.”

“எக்கோ பின்னாடிதானே வரும்? நீதானே சொன்னே? இது முன்னாடி வருது.”

அவளைக் கேலி செய்ய வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் நானும் அதைக் கேட்டிருந்தேன். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா “அங்க குளிரா?” என்று கேட்பதற்கு ஒரு கணம் முன்னால், அதே குரல், அடங்கிய தொனியில், அதே வார்த்தைகள். எதிரொலி சுவரில் பட்டு வந்தாலும் கம்பியில் சுற்றி வந்தாலும் போனுக்குள் கசிந்து வந்தாலும் பேசிய பிறகுதான் வரும். ஒருவர் பேசப் போவதை அவர் பேசுவதற்கு முன்னால் எந்தச் சுவரும் திருப்பித் தராது.

இருபது வருஷம் ஒலியோடு பழகியவன் நான். அன்றைக்கு வீட்டு விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். அனகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

அடுத்த சனிக்கிழமை ஆளில்லாத அலுவலகத்துக்குப் போனேன். எதிரொலி இல்லாத அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். இந்தப் பக்கத்தில் என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இருக்க வழியில்லை. வருவது எல்லாம் ஸ்ரீவராகத்திலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் மின்விசிறி கேட்டது. தெருவில் ஒரு ஸ்கூட்டர். பிறகு, மிக மெதுவாக: “சேஷுவாக்கும். சாப்பிட்டியான்னு கேளு.”

“சாப்பிட்டியா?” என்றாள் அம்மா.

“சாப்பிட்டேன்மா.”

“அனகா பரீட்சை எழுதினாளான்னு கேளு.”

“அனகா பரீட்சை எழுதினாளா?”

இரண்டும் அம்மாவின் குரல். அம்மா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். யார் அங்கே என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் என்ன பதில் வரும், எந்தக் குரலில் வரும் என்ற பயத்தில் வேறொன்று கேட்டேன்.

“அம்மா, சின்ன வயசுல நான் தொலைஞ்சு போனேனே, அது எங்கே?”

மின்விசிறி சுற்றியது. பதிலுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. எத்தனையோ தடவை வந்தவர் போனவரிடமெல்லாம் அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது.

“பழவங்காடி” என்றது அந்த மெல்லிய குரல். “கணபதி கோவில். தேங்கா உடைக்கற இடம்.”

“பழவங்காடிலயாக்கும்” என்றாள் அம்மா. “கணபதி கோவில்ல. தேங்கா உடைக்கற எடத்துல.”

“அழுதுண்டு நின்னான்.”

“அழுதுண்டு நின்னாய்” என்றாள் அம்மா. அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. சிரிக்கவும் இல்லை.

வைத்துவிட்டு அந்த அறையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ரத்தம் ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு என்னைத் தெரிகிறதா என்ற ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது. மற்ற வீம்பெல்லாம் ஒரு நிமிஷத்தில் உதிர்ந்து போனது.

5

சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் பொழுதுபோக்கு என்று குறித்தேன். வேலைக்கு லீவு சொன்னேன், ஊருக்கு வருவதை அம்மாவிடம் சொல்லவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே தங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்ரீவராகம் என்றேன். ஹோட்டலா என்றார். வீடு என்றேன் மலையாளத்தில். “ஆருடெ வீடு?” என்றார் அவர், கொஞ்சம் இளகி. அம்மாவுடையது என்று சொல்லிவிட்டு என் வீடு என்று சொல்லாமல் விட்டதை ஆட்டோவில் போகும்போதுதான் கவனித்தேன்.

6

கதவைத் திறந்தது அம்மாதான். இளைத்திருந்தாள். தலை ஒழுங்காக வாரி, பூ வைத்து, யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

“வாங்கோ, வாங்கோ” என்றாள். “ஆரைப் பாக்கணும்?”

நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு அம்மா வந்தாள். அதே உயரம், அதே நடை. நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பகவதி சித்தி. அம்மாவின் தங்கை. சின்ன வயதிலேயே இவர்கள் இருவர் குரலும் ஒன்று. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அப்பாவே ஏமாந்து போவார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்குத் தெரிந்ததும் தெரியாது.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். “இருங்கோ. காப்பி குடிக்கலாம். எங்க பிள்ளையும் வெளிநாட்டுலயாக்கும். மைக்குல வேலை. சனிக்கிழமை தோறும் போன்ல விளிப்பான்.”

அம்மா படுத்து ஓய்வெடுத்த நேரத்தில் சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“மொதல்ல அவளுக்கே தெரிஞ்சுது, கேட்டியா. ஓர்மை போறதுடீ, ஒண்ணும் ஞாபகம் நிக்கலை, சேஷு அறிய வேண்டாம், வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான், நீ பக்கத்துல நின்னு சொல்லிக் குடு, நான் பேசிக்கறேன்னா. எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டா. அப்புறம் அந்தச் சத்தியமும் அவளுக்கு மறந்தாச்சு. நான் என்ன பண்ண?”

“வீடியோ வேண்டாம்னு சொன்னதும் நீங்கதானா?”

“பின்னே? என் மொகமும் அதுல தெரியுமே.”

அம்மாவின் போன் மேசையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் மூன்று இடத்தில் நவராத்திரிப் பூஜையின் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம். நெற்றிக்கு இடுவதுபோல் அழகாக இட்டிருந்தாள். கீழ் விளிம்பிலும் ஒரு பொட்டு. மைக் துளையின் மேலேயே. அரைத்த சந்தனம் உள்ளே இறங்கி இறுகியிருந்தது. எங்கள் ஆய்வகத்துப் பசைகூட இவ்வளவு கச்சிதமாக அடைக்காது.

என் வேலையின் பெருமை அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பூஜைக்கு முன்னால் போன் நன்றாகத்தான் வேலை செய்தது. வாய்க்குப் பக்கத்து மைக் அம்மாவைக் கேட்டது, காதுக்குப் பக்கத்து மைக் சித்தியைக் கேட்டது, போன் சித்தியைச் சந்தடி என்று தீர்மானித்துச் சுத்தமாகக் கழித்தது. ரப்பர் வளையங்கள் ஒரு சொட்டுக்கூடக் கசிய விடவில்லை. என் அம்மா மறைந்துகொண்டிருந்ததை என்னிடமிருந்து மறைத்தது, என்னைப் போன்றவர்கள் சிரத்தையாகச் செய்த வேலை. துளை அடைபட்ட பிறகுதான் போன் மேலே இருக்கும் மைக்கை நம்பிப் பிழைக்க வேண்டி வந்தது, சித்தியின் குரலும் எனக்குக் கேட்டது.

கை சும்மா இருக்கவில்லை. ஊசி வாங்கிச் சந்தனத்தைப் பக்குவமாகக் கிளறி எடுத்தேன். சித்தி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“இனிமே நான் பறையறது உனக்குக் கேக்காது, அல்லே?”

“கேக்காது சித்தி.”

“நன்னாச்சு” என்றாள். அவள் முகத்தில் நிஜமான நிம்மதி தெரிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

7

அந்த வாரம் முழுவதும் அம்மா என்னை விருந்தாளியாக நடத்தினாள். பரிமாறினாள், ஊர் எது என்று தினமும் கேட்டாள். நான்தான் சேஷு என்று ஒருமுறை சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினாள், பிறகு சித்தியின் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். யாரும் நினைவுபடுத்தவில்லை. சித்தி என்னைப் பார்த்தாள்.

“மொகந்தான் போச்சு சேஷு. உன் சத்தம் அவளுக்குத் தெரியும். உள்ள போய் விளி.”

“இன்னிக்கு நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்.”

“நான் இல்லாட்டா அவ என்ன பேசுவாளோ. எனக்குப் பேடியா இருக்கு.”

“பரவாயில்லை.”

சித்தி என்னுடன் உள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

“சேஷுவா?” என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்காத குரல்.

“நான்தாம்மா. எப்படி இருக்கே?”

“இங்க ஒருத்தர் வந்திருக்கார்டா” என்றாள், ரகசியம் சொல்வதுபோல. “உன் சித்திக்கு வேண்டியவர் போலிருக்கு. சாதுவாத்தான் இருக்கார். சாதம் சாப்பிடறச்சே கண்ணு கலங்கறது, பாவம். எப்போ போவார்னு தெரியலை. நீ எப்ப வரே?”

“சீக்கிரம் வரேம்மா.”

போனில் மின்விசிறிகூடக் கேட்கவில்லை. துளை சுத்தமாக இருந்தது. போன் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

“சேஷு” என்றாள். “அவர் உள்ள இருந்து பறையறார்.”

“என்ன பறையறார்?”

அதைச் சொன்ன அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுச் சுவர் எதையும் நிறுத்தாது. என் குரல் சுவர் வழியாக அவளிடம் உடனே போய்விடும். போனில் போவது எங்கெங்கோ சுற்றி அதற்குப் பிறகுதான் அவள் காதுக்குப் போகும். அவளுக்குக் கேட்டது இரண்டு பேர். உள்ளே இருக்கும் அந்நியர் முதலில் சொல்கிறார். அதே குரலில், அதே வார்த்தையை, அவள் பிள்ளை பிறகு சொல்கிறான்.

சித்திக்கும் புரிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வைத்துவிடு என்று ஜாடை காட்டினாள். நான் வைக்கவில்லை.

“நீ சொல்றதையேதான் அவரும் சொல்றார்” என்றாள் அம்மா. “ஆனா அவர் முன்னாடி சொல்றார்.” கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் குரல் இளகியது. நான் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

“உனக்கும் மறந்து போறதா கண்ணா?”

நான் பேசவில்லை. பேசினால் இரண்டு தடவை கேட்கும்.

“பரவாயில்லை, பேடிக்காதே” என்றாள். “அவர் சொல்றதைக் கேட்டு அப்படியே சொல்லு. ஒருத்தருக்கும் தெரியாது. நான் அப்படித்தான் பண்றேன்.”